எனக்கு நினைவில்லாத இரண்டாம் பாதி

போன மாதம் ஜொகூர் பாருவில் கோல்கீப்பர் பயிற்சியாளர்களுக்கான வகுப்பு ஒன்றில் பேச என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். எனக்கு முன்னால் பேசியவர் ஒரு பெண் மருத்துவர். தலையில் அடிபட்ட ஆட்டக்காரரை என்ன செய்ய வேண்டும் என்று திரையில் படம் போட்டு விளக்கினார். சந்தேகம் வந்தாலே போதும், வெளியே கூட்டி வந்துவிட வேண்டும். அவருக்குப் பதிலாக இறங்குகிறவர் வழக்கமான மாற்று ஆட்டக்காரர் கணக்கில் வரமாட்டார். அதனால் கோச் தயங்க வேண்டிய அவசியமே இல்லை.

என் முறை வந்தபோது, குளுவாங்கிலிருந்து வந்திருந்த பிரகாஷ் என்ற பயிற்சியாளர் எழுந்து கேட்டார்.

"அண்ணே, உங்க டைம்ல இந்த ரூல் எல்லாம் இல்ல, இல்லியா? இருந்திருந்தா நீங்க தடுத்த அந்த கோல் சேவ்வ நாங்க பாத்திருக்கவே முடியாதே லா!"

அறை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்துவிட்டு வேறு விஷயத்துக்குப் போய்விட்டேன். அவருக்கு நான் சொல்லாமல் விட்ட பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் பிறந்து வளர்ந்தது நார்வேயில், பெர்கன் என்ற துறைமுக நகரத்தில். அப்பா மலேசியாவில், ஜொகூர் மாநிலத்துப் பாலோ பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை. கப்பலில் இஞ்சின் வேலைக்குப் போய், பெர்கனில் இறங்கி, அங்கேயே குடும்பமாகி, அங்கிருந்தே கப்பலுக்குப் போய் வந்தார். அம்மா யாழ்ப்பாணம் வடமராட்சி. போர்க்காலத்தில் அண்ணனோடு அங்கே வந்து சேர்ந்தவர். வீட்டில் அம்மாவின் தமிழ்தான். சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளிக்கூடம். இப்போது இதை நான் எழுத முடிகிறதென்றால் அந்தச் சனிக்கிழமைகளால்தான். மற்ற நாட்களில் பந்து. நெட்டையாக வளர்ந்துவிட்டதால் கோலில் நிறுத்தினார்கள். பெர்கனில் மழை ஓயாது. நனைந்த பந்தைப் பிடிக்கத் தெரியாதவன் அங்கே கோல்கீப்பராக இருக்க முடியாது.

அப்பா நான் பள்ளியை முடிப்பதற்குள் மாரடைப்பில் இறந்துபோனார். அப்பா வழியில் மலேசியக் குடியுரிமைக்கு எனக்கு உரிமை இருந்தது. ஆனால் இரண்டு நாட்டையும் வைத்துக்கொள்ள மலேசியா விடாது. ஜொகூரிலிருந்த ஒரு சின்ன கிளப் என் ஆட்டத்தின் வீடியோவைப் பார்த்துவிட்டு வரச் சொன்னது. கொஞ்ச காலம் ஆடினால் தேசிய அணியிலும் இடம் கிடைக்கலாம் என்றார்கள். நார்வேயில் மூன்றாம் தர அணியில் மாற்று கோல்கீப்பராக உட்கார்ந்திருந்தவனுக்கு இது பெரிய வார்த்தை. அம்மாவிடம் சொன்னேன். ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை முடித்து வந்து, குளிர்கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றபடியே கேட்டார்.

"பாஸ்போர்ட்டைக் குடுத்திட்டால் பிறகு இஞ்ச வந்து இருக்கேலாதோ?"

"வந்து பாக்கலாம் அம்மா. இருக்கத்தான் ஏலாது."

"சரி. உனக்கு விருப்பமெண்டால் போ. நான் மறிக்கமாட்டன்."

நார்வேப் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஜொகூர் வந்தேன். ஜொகூர் பாருவை ஒட்டிய தம்போயில் ஓர் அடுக்குமாடி வீட்டை கிளப் பிடித்துக் கொடுத்தது. இன்றைக்கும் அதே வீட்டில்தான் இருக்கிறேன்.

வந்த புதிதில் பாலோவுக்குப் போனேன். அப்பாவின் அண்ணன், லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர், பஸ் நிற்கும் இடத்துக்கே வந்து காத்திருந்தார். வீட்டில் கோழிக்கறி சமைத்து, அக்கம்பக்கத்தார் எல்லோரையும் கூப்பிட்டிருந்தார்கள்.

"சாப்பாடு காரமா இருக்காப்பா?" என்றார் பெரியப்பா.

"ஓம் பெரியப்பா. ஆனா நல்ல ருசி."

அவருடைய மகளின் சின்னப் பெண் அம்மாவின் முந்தானையை இழுத்தாள். "ம்மா, மாமா ஏன் சாப்பிடறப்ப மந்திரம் சொல்றாரு?"

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அன்பான சிரிப்புத்தான். யாழ்ப்பாணத்தில் 'ஆமாம்' என்பதற்கு அதுதான் சொல் என்று விளக்கினேன். ஆனால் அதற்குப் பிறகு அந்த வீட்டில் வாயைத் திறக்கும்போதெல்லாம் ஒரு சொல்லை விழுங்கிவிட்டு இன்னொரு சொல்லைத் தேடினேன். மெல்ல மெல்ல 'ஆமா' என்று சொல்லப் பழகிக்கொண்டேன். இப்போது போனில் பேசினால் அம்மா, "என்னடா, மலேசியாக்காரர் மாதிரிக் கதைக்கிறாய்" என்கிறார். இங்கே இன்னமும் என்னை, "சிலோன்காரருங்களா?" என்றுதான் கேட்கிறார்கள்.

தேசிய அணிக்குக் கூப்பிட்டார்கள். பெரும்பாலும் பெஞ்சில்தான் உட்கார்ந்தேன். முதல் கோல்கீப்பருக்குக் காய்ச்சலோ சுளுக்கோ வந்தால்தான் மாற்று கோல்கீப்பருக்கு வாழ்வு. இன்னொருத்தர் நோவுக்காகக் காத்திருக்கிற மாதிரி ஒரு கூச்சம் அதில் இருக்கிறது. அவரோடு சேர்ந்து சாப்பிடும்போதுகூட அது போகாது. சில ஆட்டங்கள் ஆடினேன். தேசிய கீதம் பாடும்போது கேமரா வரிசையாக முகங்களைக் காட்டிக்கொண்டு வரும். வெளிநாட்டில் வளர்ந்தவர்கள் முகத்தில் கொஞ்சம் கூடுதல் நேரம் நிற்கும். உதடு அசைகிறதா என்று பார்க்கிறார்கள். நான் ஒவ்வொரு சொல்லையும் வாயை அகலத் திறந்து பாடுவேன். ஜெயித்தால் 'நம்ம பையன்'. தோற்றால், 'குளிர் நாட்டுக்காரனுக்கு நம்ம ஜெர்சி எதுக்கு?' பத்திரிகைகள் எனக்கு, நார்வேயின் பழங்காலக் கடலோடி வீரர்களை நினைத்து, 'வைக்கிங்' என்று பெயர் வைத்தன. கிளப்பிலும் அதுவே நிலைத்துவிட்டது.

அப்படிக் கூப்பிடாமல், நிமலன் என்று என் பெயரை முழுதாகச் சொன்னவர் ஒருவர்தான். கிளப்பின் கோல்கீப்பர் கோச் சேவியர்.

சேவியர் ஜொகூரின் வடக்கே உள்ள சிகாமட்காரர். தன் காலத்தில் மாநில அணியில் கோலில் நின்றவர். குள்ளம். அந்த உயரத்தை வைத்துக்கொண்டு எப்படிக் கோலில் நின்றார் என்று முதல் நாள் யோசித்தேன், ஒரு வாரத்தில் புரிந்துவிட்டது. அவர் கத்தியதே கிடையாது. புகழ்ந்ததும் கிடையாது. மற்றவர்கள் பயிற்சி தொடங்குவதற்கு முன்பே வாளியில் தண்ணீர் பிடித்து, பாத்திரம் கழுவும் சோப்பைக் கரைத்து, பந்துகளை ஒவ்வொன்றாக முக்கி எடுத்து வைத்திருப்பார். நான் கோலைப் பார்த்து, அவருக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டும். "ஹ்ம்" என்பார். திரும்புவதற்குள் வழுக்குகிற பந்து முகத்துக்கு நேரே வந்திருக்கும்.

கோல் விழுந்தால் வேறு கோச்சுகள் கையைப் பற்றிப் பேசுவார்கள். ஏன் பிடிக்கவில்லை, ஏன் தட்டவில்லை என்பார்கள். சேவியர் ஒன்றுதான் கேட்பார். "எங்க நின்ன?"

பந்து உதைபடுவதற்கு முன்னால் நான் நின்ற இடத்துக்கு நடந்துபோய்க் காட்ட வேண்டும். நான் காட்டுவேன். அவர் வந்து, "இங்க இல்ல, இங்க" என்று குதிகாலால் புல்லில் ஒரு கோடு கீறுவார். எப்போதும் அவர் சொன்னதுதான் சரியாக இருக்கும். பிறகு எங்கே நின்றிருக்க வேண்டுமோ அங்கே இன்னொரு கோடு. இரண்டு கோடுகளுக்கும் நடுவில் சில நேரம் ஒரு சாண்கூட இருக்காது. அந்த ஒரு சாணுக்காக அதே பந்தை அரை மணி நேரம் அடிப்பார். ஒவ்வொரு கார்னருக்கும், ஒவ்வொரு ஃப்ரீகிக்குக்கும் இப்படித்தான். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் காலை எங்கே வைப்பது என்று உடம்பே சொல்லும் அளவுக்கு ஆக்கிவிட்டார்.

சொந்த விஷயம் பேசமாட்டார். ஒரு தீபாவளி அன்று அணியில் பாதிப் பேர் விடுமுறையில் போயிருக்க, நாங்கள் இருவர் மட்டும் திடலில் இருந்தோம். பந்தை முக்கிக்கொண்டே, "அம்மா அங்க தனியாவா இருக்காங்க?" என்றார். "ஆமா கோச்" என்றேன். தலையை ஆட்டிவிட்டு அடுத்த பந்தை எடுத்தார். அந்த ஊரில் அம்மாவைப் பற்றி என்னிடம் கேட்டவர் அவர் ஒருவர்தான்.

இனி அந்த ஆட்டம்.

கோப்பைப் போட்டியின் அரையிறுதி. எங்களைப் போன்ற சின்ன கிளப் அங்கே வந்ததே பெரிய சங்கதி. தேசிய அணியின் முதல் கோல்கீப்பருக்கு அந்த வாரம் முழங்காலில் அறுவை சிகிச்சை. அடுத்த தகுதிச் சுற்றுக்கு இறங்கப் போவது நான்தான் என்று பேச்சு அடிபட்டது. தேர்வாளர் அன்றைக்குப் பார்க்க வருவதாகவும் சொன்னார்கள். இத்தனை வருடம் பெஞ்சில் உட்கார்ந்ததற்கு அன்று பதில் கிடைக்க வேண்டும் என்று பஸ்ஸில் போகும்போது நினைத்தது ஞாபகம் இருக்கிறது. திடலுக்கு வெளியே வாழையிலையில் மடித்த நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோறு விற்ற வாசனை ஞாபகம் இருக்கிறது. வார்ம்-அப் தொடங்கும்போது மழை பிடித்தது. அதோடு சரி. அதற்குப் பிறகு எனக்கு ஒன்றும் நினைவில்லை.

மற்றதெல்லாம் மற்றவர்கள் சொன்னதும், பின்னால் வீடியோவில் பார்த்ததும்தான். முதல் பாதி முடியும் தறுவாயில் வலது பக்கமிருந்து ஒரு கிராஸ். நான் ஓடி வந்து பந்தைப் பிடிக்கிறேன். எதிரணி முன்கள ஆட்டக்காரரின் முழங்கால் என் நெற்றிப்பொட்டில் விழுகிறது. விழுந்தும் பந்தை விடவில்லை. எழுந்து நிற்கிறேன், பந்தை உதைக்கிறேன், விசில் ஊதுகிறார்கள். இடைவேளையில் கிளப் மருத்துவர் கண்ணில் விளக்கடித்துப் பார்த்தாராம். என்ன ஸ்கோர் என்று கேட்டாராம். நான் ஏதோ சொன்னேனாம். இரண்டாம் பாதிக்கு இறங்கினேன்.

அந்த இரண்டாம் பாதியைத்தான் பிரகாஷ் சொன்னார். ஒன்றன்பின் ஒன்றாக வந்த பந்துகளைத் தடுத்திருக்கிறேன். கடைசி நிமிடங்களில், கோல் கோட்டுக்குப் பின்னால் போகப் போன பந்தை, பின்னோக்கிப் பாய்ந்து ஒற்றைக் கையால் கிளப்பிவிட்டது இன்றுவரை போன்களில் சுற்றிக்கொண்டிருக்கிறது. நாங்கள் ஜெயித்தோம். என்னைத் தோளில் தூக்கினார்கள். தூக்கும்போதே வாந்தி எடுத்து மயங்கிவிட்டேன்.

கண் விழித்தபோது ஆஸ்பத்திரி. கதவோரம் நாற்காலியில் சேவியர். நனைந்த ஜெர்சி அவர் உடம்பிலேயே காய்ந்திருந்தது. தாதி என் பெயரைக் கேட்டாள். சொன்னேன். "ஊரு?" என்றாள். கொஞ்சம் யோசித்து, "தம்போய்" என்றேன். சேவியர் எழுந்து, என் காலைப் போர்வைக்கு மேலாக ஒரு முறை அழுத்திவிட்டு வெளியே போனார். அதன் பிறகு அவர் என்னைப் பார்க்க வரவில்லை. அந்த வருடமே கிளப் வேலையை விட்டுவிட்டுச் சிகாமட்டுக்கே போய்விட்டார்.

இறுதி ஆட்டம் நான் இல்லாமல் நடந்தது. தகுதிச் சுற்றும் நான் இல்லாமல் நடந்தது. தம்போய் வீட்டில் சன்னல்களுக்குக் கறுப்புத் துணி கட்டிப் படுத்திருந்தேன். வெளிச்சம் ஆகாது. சத்தம் ஆகாது. போன் திரையைப் பார்த்தால் கண்ணுக்குப் பின்னால் ஆணி இறங்கும். முதலில் ஆட்டக்காரர்கள் வந்தார்கள். இருட்டில் உட்கார்ந்து எவ்வளவு நேரம் பேச முடியும்? வருகை குறைந்து நின்றுபோனது. அம்மா வருகிறேன் என்றார். அவரை வர விடாமல் ஏதேதோ சாக்குச் சொன்னேன். கீழே சாப்பாட்டுக் கடை வைத்திருந்த காதர் பாய் மட்டும் மூன்று வேளையும் ஆள் மூலம் சோறு அனுப்பினார். தலையில் இன்னொரு அடி படவே கூடாது என்று நிபுணர் சொன்ன அன்று என் ஆட்டக் காலம் முடிந்தது. வழியனுப்பு ஆட்டம் எதுவும் இல்லை.

கொஞ்சம் தேறி, முதல் முறையாகக் கீழே இறங்கிக் காதர் பாய் கடையில் உட்கார்ந்தேன். நுரை பொங்க ஆற்றிய தேத்தாரே தேநீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டு அவரும் எதிரே உட்கார்ந்தார். ராமநாதபுரத்துக்காரர், கலகலப்பான மனிதர்.

"தம்பி, உங்க வைக்கிங் பாஷை வீடியோ பாத்தீங்களா? கிளப் பையன் இடைவேளைல எடுத்துப் போட்டிருந்தான். இங்க எல்லாரும் பாத்துச் சிரிச்சோம். இருங்க, காட்டுறேன்."

வீடியோவில், உடைமாற்றும் அறையில் நான் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். மருத்துவர் முன்னால் நிற்கிறார். நான் அவரைப் பார்த்து நார்வே மொழியில் பேசுகிறேன். சுற்றியிருந்தவர்கள் சிரிக்கிறார்கள். யாரோ, "வைக்கிங் மோட் ஆன்!" என்கிறார். அந்த இரைச்சலுக்கு நடுவே என் குரல் திரும்பத் திரும்ப ஒரே வாக்கியத்தைச் சொல்கிறது.

"என்னைக் கூட்டிக்கொண்டு போக யார் வருவார்கள்?"

பெர்கனில் சிறுவனாக இருந்தபோது பயிற்சி முடிந்ததும் மற்றப் பிள்ளைகளை அப்பாக்கள் காரில் வந்து கூட்டிப் போவார்கள். என் அப்பா மாதக்கணக்கில் கடலில் இருப்பார். அம்மா வேலை முடிந்து, இரண்டு பஸ் மாறி வர வேண்டும். குளிர்காலத்தில் நாலு மணிக்கே இருட்டிவிடும். திடலைப் பூட்டுகிற மனிதரிடம் நான் கேட்பது அந்தக் கேள்வியைத்தான். அதே சொற்கள். குரல்கூடப் பெரியவன் குரலாக இல்லை.

"என்னதான் தம்பி சொல்றீங்க அதுல?" காதர் பாய் சிரித்தபடி கேட்டார்.

"ஒண்ணுமில்ல பாய். சும்மா விளையாட்டுப் பேச்சு."

அந்த அறையில் அத்தனை பேர் இருந்தார்கள். ஒருவருக்கும் புரியவில்லை. அவர்களைக் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது? அவர்களுக்குத் தெரியாத மொழி. ஆனால் அன்று மாடியேறி வந்து கதவைச் சாத்திக்கொண்டபோது, இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து எவ்வளவு தனியாக இருந்திருக்கிறேன் என்பது முதல் முறையாக உறைத்தது. யாரிடமும் சொல்லவில்லை. அம்மாவிடம் நிச்சயமாகச் சொல்லவில்லை. பெர்கன் போய் மூன்று மாதம் இருந்துவிட்டு, அதற்கு மேல் தங்க அனுமதி இல்லாததால் திரும்பி வந்தேன். உடற்பயிற்சிக் கூடம் ஒன்றில் வேலை கிடைத்தது. வருடங்கள் ஓடின.

வகுப்பில் பிரகாஷ் கேட்ட கேள்வி மனதில் நின்றுவிட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை சிகாமட்டுக்கு ரயில் ஏறினேன். நெடுந்தூரம் கார் ஓட்ட என்னால் இன்னமும் முடியாது.

சேவியர் வாசலில் நின்றார். தலை முழுக்க நரைத்திருந்தது. வலது முழங்காலில் பட்டை கட்டியிருந்தார். அவர் மனைவி மேரி ஆன்ட்டி, "வாங்க நிமல், இப்பத்தான் வழி தெரிஞ்சிச்சா?" என்று உள்ளே கூட்டிப்போய் உட்கார வைத்தார். சாப்பிட்டோம். ஆற்று வெள்ளம் இந்த வருடம் வீட்டுப் படியோடு நின்றதைப் பற்றிப் பேசினோம். ஆன்ட்டி தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனதும் சேவியர் குரலைத் தாழ்த்தினார்.

"அன்னைக்கி க்ளவுஸ மாத்திப் போட்ட."

எனக்குப் புரியவில்லை.

"எடது கை க்ளவுஸ வலது கையில மாட்டுன. எடுத்துக் குடுத்தேன். திரும்பவும் மாத்தி மாட்டுன. நானே சரியாப் போட்டு, பட்டையும் ஒட்டி விட்டேன். டாக்டர் அதப் பாக்கல. நான் பாத்தேன். ஒரு வார்த்த சொல்லியிருந்தா ஒன்ன எடுத்திருப்பாங்க."

நான் என் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தேன்.

"கார்னர் வந்தா எங்க நிப்பேன்னு கேட்டேன். கையாலயே காட்டுன. ஒண்ணு விடாம, சரியாக் காட்டுன. அப்ப இவனுக்கு ஒண்ணும் ஆகலன்னு நெனச்சேன்." தலையை ஆட்டினார். "இல்ல. அப்படி நெனைக்கணும்னு ஆசப்பட்டேன். தேர்வாளர் வந்திருக்காரு. ஒனக்கு இதுதான் நேரம். எனக்கும்தான்."

"நீங்க எடுத்திருந்தாலும் நான் இறங்கத்தான் கேட்டிருப்பன் கோச்."

"நீ கேக்கல. நீ வேற என்னமோ சொல்லிக்கிட்டே இருந்த. அதுதான் எனக்கு இன்னிக்கி வரைக்கும் காதுல நிக்கிது. யாருகிட்ட கேக்குறது? நீ என்னா சொன்ன?"

காதர் பாயிடம் சொன்ன பதில் நாக்கு நுனிக்கு வந்தது. அதைச் சொல்லியிருந்தால் அவர் நிம்மதியாக இருந்திருப்பார். ஆனால் அவர் என்னைப் பார்த்த விதம், சரியான இடத்தைக் காட்டச் சொல்லும்போது பார்க்கும் அதே பார்வை. பொய் சொல்ல முடியவில்லை. சொன்னேன். யார் வருவார்கள் என்று கேட்டேன் என்றும், எந்த ஊரில், எந்த வயதில் அப்படிக் கேட்டேன் என்றும்.

சேவியர் குனிந்து தன் முழங்கால் பட்டையை இறுக்கிக் கட்டினார். பிறகு மேசையைப் பிடித்து எழுந்து, ஆணியில் தொங்கிய கார் சாவியை எடுத்தார்.

"வா."

"எங்க கோச்?"

"தம்போய்க்கு. கொண்டுபோய் விடுறேன்."

"வேண்டாம் கோச், திரும்பிப் போகவும் டிக்கெட் இருக்கு."

"இருக்கட்டும்."

சமையலறைக் கதவில் நின்ற ஆன்ட்டி, "இந்தக் கால வச்சிக்கிட்டு அவ்வளவு தூரமா? திரும்பி எப்பிடி வருவீங்க?" என்றார்.

"ஸ்கூடாயில தங்கச்சி வீட்டுல படுத்துட்டு நாளைக்கி வரேன்."

சாவியோடு வெளியே போய்விட்டார். ஆன்ட்டி என்னைப் பார்த்தார். பிறகு கொஞ்சம் பழத்தைப் பையில் போட்டுக் கையில் கொடுத்து, "போயிட்டு வாங்க" என்றார்.

லாபிஸ் ஊர் வரையில் இரண்டு பக்கமும் செம்பனைத் தோட்டம். சேவியர் மெதுவாகத்தான் ஓட்டினார். லாரிகள் முந்திக்கொண்டு போயின. மன்னிப்பு அவர் கேட்கவும் இல்லை, நான் கொடுக்கவும் இல்லை. ஆயர் ஈத்தாமில் தேநீர் குடித்தோம். நெடுஞ்சாலையில் ஏறியதும் மழை பிடித்துக்கொண்டது. கண்ணாடியைத் துடைக்கும் சத்தத்தைக் கேட்டபடி நான் தூங்கிப்போனேன். அடிபட்டதற்குப் பிறகு வண்டியில் நான் தூங்கியதே இல்லை.

தோளில் கை பட்டது. மழை விட்டிருந்தது. வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது.

"நிமலன்," என்றார். "வீடு வந்திருச்சி."